சில்வர் ஓக் டிராக்

என் வீட்டுக்காரருக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான். சுட்டுவிரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிட்டன. அவர் ஜீப் ஓட்டுகிறவர். போடிமெட்டுச் சாலையில் வளைவுக்கு வளைவு கியர் மாற்றுவது அந்த இடது கை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கையால்தான். எப்படிப் போனது என்று யாராவது கேட்டால், "மிஷின்ல பட்டுருச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். மிஷின் மேல் பழி போடுவது சுலபம், அதற்கு வாய் கிடையாது. எனக்கு இருக்கிறது. அந்த வாயும், நான் மரத்தில் செய்த ஒரு டிராக்கும் சேர்ந்து செய்த வேலை அது.

எங்கள் பட்டறை ஓர் ஏலக்காய் ஸ்டோரின் பக்கவாட்டு அறை. ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் கட்டடம். பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, வெளியே அடுப்பில் விறகைப் போட்டு, இரும்புக் குழாய் வழியாகச் சூட்டை உள்ளே ஏற்றி, ஒரு நாள் முழுக்க வாட்டுவார்கள். அந்தச் சூட்டு அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். ஸ்டோர் எரிகிற நாளில் சுவரில் கை வைக்க முடியாது. எரியாத நாளில் சன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து அறுப்பு மிஷின் மேலும் மரத்தின் மேலும் ஈரமாகப் படியும். அறையை வாடகைக்கு விட்டபோது, "குளிருக்கு நல்லா இருக்கும்க்கா" என்றார் ஸ்டோர்க்காரர். நானும் நல்ல இடம் அமைந்தது என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

நாங்கள் செய்தது தேன்பெட்டி. தேனீ வந்தால்தான் ஏலப்பூ காயாகும் என்பதால் தோட்டக்காரர்களுக்கு அது எப்போதும் வேண்டும். நான் கல்யாணத்துக்கு முன் பீர்மேட்டுப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவள். மிஷின் சத்தம் எனக்குப் பழக்கம். அளவெடுப்பது, கோடு போடுவது, அச்சு செய்வது எல்லாம் நான். ஜீப்புக்குச் சவாரி இல்லாத நேரத்தில் மரத்தை அறுப்பது அவர். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் இதை வைத்துக் கேலி உண்டு. "மேஸ்திரி பொம்பள, கூலி ஆம்பள" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அந்த மேஸ்திரிப் பட்டம் பிடித்துத்தான் இருந்தது.

தேன்பெட்டிக்குள் அடை கட்டுவதற்குச் சின்னச் சின்னச் சட்டங்கள் வேண்டும். அதற்கு விரல் நீளத் துண்டுகளை நூற்றுக்கணக்கில் ஒரே அளவில் அறுக்க வேண்டும். அவ்வளவு சின்னத் துண்டைக் கையால் பிடித்துக்கொண்டு சுழலும் வாளிடம் போவது தற்கொலை. அதனால் மரத்தை ஒரு தள்ளுபலகையில் வைத்து, மேலே ஒரு பிடிகட்டையால் அமுக்கி, பலகையோடு தள்ள வேண்டும். கை தூரத்தில் இருக்கும். அந்தப் பிடிகட்டை முன்னும் பின்னும் நகர்ந்து, வேண்டிய இடத்தில் இறுகி நிற்க ஒரு தடம் தேவை. போன் வீடியோக்களில் எல்லாரும் அதற்கு அலுமினியத்தில் ஒரு டிராக் வைத்திருந்தார்கள். நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் உதடு. போல்ட்டின் தலை உதட்டுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும், மேலே நட்டைத் திருகினால் கட்டை அசையாது.

அந்த டிராக்கை இரண்டு முறை ஆர்டர் போட்டோம். முதல் முறை மலைச்சாலையில் மண் சரிந்து பார்சல் கீழேயே கிடந்து திரும்பிப் போனது. இரண்டாம் முறை விலாசம் கிடைக்கவில்லை என்று போனில் செய்தி வந்தது. ஊரில் என்னைத் தெரியாத ஆள் இல்லை, பார்சல்காரருக்கு மட்டும் தெரியவில்லை. "இன்னொரு தடவ போட்டுப் பாப்போம் புள்ள, இல்லன்னா நான் போடிக்குப் போறப்ப கேட்டுப் பாக்குறேன்" என்றார் வீட்டுக்காரர். எனக்குள் வீம்பு ஏறிவிட்டது. "அலுமினியத்துல என்ன அமிர்தமா ஊத்தியிருக்கு? நானே செய்றேன்" என்றேன்.

பாதர் பங்களாவில் கழற்றிப் போட்டிருந்த திரைச்சீலைக் கம்பியை வைத்துப் பார்த்தேன். நட்டைத் திருகியதும் வாயைப் பிளந்தது. வயரிங் பைப்பை நீளவாக்கில் கீறிப் பார்த்தேன், அது உடைந்தது. கடைகளில் சாமான் அடுக்குகிற ஓட்டைபோட்ட இரும்புப் பட்டை ஓரளவு சரியாக இருந்தது. ஆனால் இரண்டு வாரம் மேகம் மேய்ந்ததும் துருவேறிக் கட்டை நகர மறுத்தது. கடைசியில் மரத்துக்கே வந்தேன். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கில் நாலு பட்டைகள் சீவினேன். கீழே இரண்டு, போல்ட்டின் தலை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு. மேலே இரண்டு, கொஞ்சம் உள்ளே நீட்டி உதடாக. வெளி ஓரத்தில் மட்டும் ஸ்க்ரூ.

அது அடைமழை நேரம், பத்து நாளாக ஸ்டோர் எரியவில்லை. மரம் குடித்த ஈரத்தோடேயே போல்ட்டைப் பொருத்தி, தேய்த்து, மறுபடி பொருத்தி, இம்மி இடைவெளி இல்லாமல் கொண்டுவந்தேன். போல்ட்டின் தலை பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு ஓடியது, நட்டைத் திருகினால் கல்லாக நின்றது. எத்தனை நாள் உழைப்பு. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பிள்ளை பெற்றவளுக்கு வந்திருந்தால் சரி. அந்த அறையில் மரத்துக்கு இரண்டு பருவம் உண்டு என்பதும், நான் ஒரு பருவத்தில் மட்டும் அளவெடுத்தேன் என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

முதல் காய் எடுப்பு வந்தது, ஸ்டோரில் அடுப்பு மூட்டினார்கள். அன்று மத்தியானம் அறுத்துக்கொண்டிருந்தவர் மிஷினை நிறுத்தினார்.

"கட்ட லேசா ஆடுது புள்ள."

"எது ஆடுது?"

"நட்டு இறுகுற மாதிரி இருக்கு, ஆனா இறுகல. உள்ள போல்ட்டும் சேந்து சுத்துதோ என்னவோ."

நான் வந்து திருகிப் பார்த்தேன். திருகும்போது ஒரு சின்னத் தளர்வு என் விரலுக்கே தெரிந்தது. தெரிந்ததை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. "கையைக் கோணலா வச்சுத் தள்ளுனா எல்லாந்தான் ஆடும். ஜீப்ப ஓட்டுற மாதிரி மரத்த ஓட்டாதீங்க" என்றேன். அப்போது ஸ்டோரில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். வழக்கமாகச் சேர்ந்து சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை.

அடுத்த எடுப்பிலும் ஒரு முறை சொன்னார். "வெயில் நாள்ல ஒரு மாதிரி, மேகத்துல ஒரு மாதிரி இருக்கு" என்றார். "உங்களுக்கு அலுமினியம் வேணும், அதுக்குத்தான் இந்தக் கொற" என்று நான் கத்தினேன். கையிலிருந்த மூலைமட்டத்தை மேஜையில் வீசியதாகவும் ஞாபகம். அதற்குப் பிறகு அவர் டிராக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டையும் ஆடவில்லை. துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மயிரிழை பிசகாமல் வந்தன. பார்த்தீர்களா என்று நான் சட்டங்களை அவர் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டினேன். "நல்லாத்தான் வருது" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பக்தி முற்றியது. எங்கள் வீட்டில் தேதி கிழிக்கும் காலண்டர் உண்டு, தாளுக்கு ஒரு வேதவசனம். அதுவரை வாரக்கணக்கில் கிழிக்காமல் தொங்கும். இப்போது தினமும் விடிந்ததும் கிழித்து, வாசலில் நின்று வசனத்தைப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வசனம் படிக்கிற மனிதர் அதோடு நிமிர்ந்து ஸ்டோரின் புகைக்குழாயையும் பார்ப்பார். "என்ன, உபதேசியார் வேலைக்கு மனு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். "ஏதோ ஒரு நம்பிக்கைதான்" என்றார். பட்டறைக்கும் எனக்கு முன்னால் போக ஆரம்பித்தார். நான் சோற்றுப்பானையை இறக்கிவிட்டுப் போவதற்குள் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது நினைத்தால் எல்லாம் கண்ணுக்கு நேராகத்தான் நடந்திருக்கிறது. சில துண்டுகளின் ஓரத்தில் கருகின கோடு இருந்தது. மரம் வாளிடம் திமிறினால்தான் அப்படிக் கருகும். ஒரு முறை துண்டு ஒன்று தெறித்துச் சன்னல் சட்டத்தில் குத்தி நின்றது. அவர் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கவனித்தேனா என்று பார்த்திருக்கிறார். "பாத்துத் தள்ளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் கோடு போடப் போய்விட்டேன். அன்றைக்கே அந்த டிராக்கைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருக்க வேண்டும்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் லயத்தில் ஒட்டடை அடிப்பது ஒரு திருவிழா. அடுப்படியின் கரியிலிருந்து கட்டிலுக்கடியில் கிடக்கும் ஆணிவரை வெளியே வரும். நான் பட்டறையையும் விடவில்லை. அன்று ஸ்டோர் இரண்டாவது நாளாக எரிந்துகொண்டிருந்தது. சுவர் அனலாக இருந்தது, மரத்தூள் எல்லாம் மொறுமொறுவென்று பறந்தது. தள்ளுபலகையைத் துடைக்கும்போது டிராக்கின் பள்ளத்துக்குள் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. ஊசியால் நெண்டி இழுத்தேன். மடித்து மடித்து நீளமாக வைத்திருந்த காலண்டர் தாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. வசனத்தைப் படித்துவிட்டு என் டிராக்குக்குள் குப்பையைத் திணித்து வைத்திருக்கிறாரே என்றுதான் நினைத்தேன். அப்படியே ஸ்டோர் அடுப்பில் எறிந்தேன். கல்லறைத் திருநாளில் மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று இருந்தது, அதை எடுத்துப் பள்ளம் முழுக்கத் தேய்த்தேன். டிராக் பளபளவென்று வந்தது.

அவர் சவாரி முடித்து மத்தியானத்துக்கு வந்தார். பத்துப் பெட்டிகளைப் பண்டிகைக்குள் கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். சாப்பிட்ட கையோடு மிஷினுக்கு வந்தவர் டிராக்கைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இரண்டடி தள்ளி, சட்டங்களுக்கு ஆணி அடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்குறீங்க? சுத்தம் பண்ணிருக்கேன். இனிமே அதுல குப்பையப் போடாதீங்க."

"சரி புள்ள."

நட்டைத் திருகினார். மறுபடி திருகினார். கை சட்டைப்பைக்குப் போய்த் திரும்பி வந்தது. பிறகு இடது கையைப் பிடிகட்டையின் மேலேயே வைத்து அழுத்திக்கொண்டார். அப்படி அவர் வைத்து நான் பார்த்ததில்லை. நேரமாகிறது என்றுகூட ஒரு வார்த்தை சொன்னேன். மிஷின் ஓடியது. நாலு துண்டுகள் விழுந்தன. ஐந்தாவதுக்கு அந்தச் சத்தம் மாறியது, ஒரு அடைத்த சத்தம். கட்டை திரும்பியது, துண்டு புரண்டது, கை மரத்தோடு போனது. அவர் கத்தவில்லை. ஆணியைக் கையில் வைத்தபடி நான்தான் கத்தினேன்.

அவருடைய ஜீப்பிலேயே அவரைப் படுக்க வைத்து, ஸ்டோர்க்காரர் ஓட்ட, மலையை விட்டு இறங்கினோம். என் முந்தானையைச் சுற்றி அந்தக் கையை மடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் கியர் விழும் சத்தம் கேட்டது, ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கண் அந்தப் பக்கம் போனது. "ரெண்டாவது கியர்லயே இறக்குங்கண்ணே, நியூட்ரல் பண்ணிராதீங்க" என்று ஸ்டோர்க்காரருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் மற்ற மூன்று விரல்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். அதுவே பெரிது என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து, அவர் வீட்டில் படுத்திருந்தபோது, டிராக்கைப் பிடுங்கி எரிப்பதற்காகப் பட்டறைக்குப் போனேன். அன்று ஸ்டோர் எரியவில்லை, உள்ளே மேகம். நட்டைத் திருகினேன். கட்டை கல்லாக நின்றது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை, அப்படியானால் தப்பு அவருடையதுதானோ என்றுகூட ஓடியது, இந்தப் பாழாய்ப்போன மனசு. பென்சில்கள் போட்டு வைக்கும் தகரப் பெட்டியில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். பென்சிலுக்கு அடியில் இரண்டு கட்டுகள் இருந்தன. காலண்டர் தாள்கள், நீளவாக்கில் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு. ஒரு கட்டில் ஒற்றை மடிப்பு. மேலே பென்சிலால் 'மேகம்' என்று எழுதியிருந்தது. இன்னொரு கட்டில் ஒவ்வொன்றும் மூன்று மடிப்பு. அதன் மேல் 'புகை'.

அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்து அழுதேன். சுவர் சூடாகி மரம் ஓரத்துக்குச் சுருங்கிப் பள்ளம் அகலும் நாளில் எவ்வளவு தாள் வேண்டும், ஈரத்தில் மரம் உப்பும் நாளில் வேலை நடுவே தளராமலிருக்க எவ்வளவு போதும் என்று அந்த மனுஷன் தினமும் புகைக்குழாயைப் பார்த்து அளந்திருக்கிறார். எனக்கு முன்னால் போய்ச் செருகி வைத்துவிட்டு, நான் வந்து என் டிராக்கின் பெருமையைப் பேசும்போது கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். மயிரிழை பிசகாமல் வந்த துண்டுகள் எல்லாம் அந்தத் தாளால் வந்தவை.

வீட்டுக்குப் போய் இரண்டு கட்டுகளையும் அவர் பக்கத்தில் வைத்தேன். அன்று தாளை எடுத்து எரித்தது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் புள்ள. குனிஞ்சு பாத்தப்பவே தெரிஞ்சுச்சு. மெழுகு மினுங்குச்சே."

"தெரிஞ்சுமா மிஷினப் போட்டீங்க?"

"நீ பக்கத்துல நின்ன. உன் கண்ணு முன்னால எப்படித் தாள வைக்கிறது? நீ நகர்ற வரைக்கும் கையால அமுக்கிக்கலாம்னு பாத்தேன்."

அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வாள் விரலிடம் வந்துகொண்டிருந்தபோதும் அவர் பயந்தது எனக்குத்தான்.

இப்போது பட்டறையில் அலுமினிய டிராக் இருக்கிறது. போடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கிடைத்தது, கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். அறுப்பது நான். அவர் சித்திரை பிறந்ததும் மறுபடி ஜீப்பை எடுத்துவிட்டார். மூன்று விரலால் முடிகிறதா என்று தினமும் கேட்பேன். "ஒண்ணுமில்ல புள்ள, நல்லா வருது" என்பார். நல்லா வருது என்ற அந்தச் சொல்லை ஏற்கெனவே ஒரு முறை கேட்டவள் நான். ஆனாலும் நம்பத்தான் பார்த்தேன்.

போன வாரம் ஜீப்பைத் துடைக்கிற சாக்கில் உள்ளே ஏறினேன். கியர் கம்பியின் தலையில் சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றி, மேலே நூல் கட்டியிருந்தது. உள்ளங்கைக்குப் பிடிப்பு கிடைப்பதற்காக. ஒரு கயிறும் இருந்தது. கம்பியின் கழுத்தில் ஒரு கண்ணி, மறுமுனை சீட்டுக்கடியில் போயிருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று என் கை தானாக அந்த முடிச்சுக்குப் போனது. போன கையை எடுத்துக்கொண்டேன். எதையும் அவிழ்க்கவில்லை.

அவர் டீ குடித்துவிட்டு வந்தார். மாலைச் சவாரிக்கு ஆட்கள் கடையருகே காத்திருந்தார்கள்.

"இந்தக் கயிறு எதுக்குங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். துணி காயப்போடும் முன் வானத்தைப் பார்ப்போமே, அந்தப் பார்வை. "சும்மாதான்" என்றார்.

நான் கத்தவில்லை. டிரைவர் சீட்டை விட்டு இறங்கவும் இல்லை. சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் நேரமாகிறது என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள். சாலையில் மேகம் இறங்கத் தொடங்கியது. அவர் கதவைப் பிடித்தபடி நின்றார், பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆளு ஏறுனா, இறக்கத்துல ரெண்டாவது கியர் நிக்க மாட்டேங்குது புள்ள. தானா கழண்டுருது. இந்தக் கைக்கு இழுத்துப் பிடிக்கப் பலமில்ல, அதான் கயித்த மாட்டிக்கிறேன்."

"எத்தன நாளா?"

"சித்திரையில இருந்து."